கழுகு போட்ட டிக்

ஆஸ்பத்திரியில் அவளைக் 'கழுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்கேன் அறையில் இருபது வருஷம். வயிற்றுக்குள் குழந்தை கொட்டாவி விட்டால், எத்தனை பல் முளைக்கப் போகிறது என்று எண்ணிச் சொல்லிவிடுவாள் என்று வாசல் காவலாளி வரை சத்தியம் செய்வார்கள்.

அப்பேர்ப்பட்ட கழுகுதான் சொந்த நாத்தனாரின் ஐந்தாம் மாத ஸ்கேனில் கோட்டை விட்டது.

அன்றைக்குக் குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. இதயத்தின் நான்கு அறைகளும் தெரிந்தன. மேலே கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டும்; சரியாக அங்கே எலும்பின் நிழல். அம்மாவை அரைமணி நடக்கவிட்டு, குழந்தை திரும்பியதும் மறுபடி பார்ப்பதுதான் முறை. வெளியே வரிசையோ அடுத்த ஊர்வரை நீண்டிருந்தது.

"அண்ணி, மூஞ்சியைக் காட்டுங்க அண்ணி! மூக்கு எங்க வீட்டு மூக்கா, அவர் வீட்டு மூக்கான்னு பந்தயம்."

குழந்தையும் தலையை மட்டும் திருப்பிப் போஸ் கொடுத்தது. மிச்ச நேரம் முழுக்க மூக்குக்கே போயிற்று. 'குழாய்கள் கடக்கின்றன' என்ற கட்டத்தில் கழுகு டிக் போட்டாள். இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குக் கடந்தது, இதற்கு மட்டும் கடக்காதா?

கடக்கவில்லை. மையில் முக்கி எடுத்ததுபோல் நீலமாய்ப் பிறந்தது பிள்ளை. குழாய்கள் இடம் மாறி, தண்டவாளம்போல் பக்கத்துப் பக்கத்தில் போயிருந்தன. இதய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரம். ஆறாம் நாள் ஆபரேஷன்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிரசவத்தையே இங்க வச்சிருப்போம். குழந்தை இவ்வளவு தவிச்சிருக்காது" என்றார் சர்ஜன், உள்ளே போகுமுன்.

"எல்லாம் அந்த ஓட்டை மெஷின்!" மாமியார் சீறினாள். "என் மருமக கண்ணுக்கே தெரியலைன்னா கடவுளுக்கும் தெரிஞ்சிருக்காது."

பன்னிரண்டு வருஷத்தில் மாமியார் வாயிலிருந்து விழுந்த முதல் பாராட்டு. கழுகுக்கு அது நெருப்புக் கட்டியாய் நெஞ்சில் இறங்கியது.

ஆபரேஷன் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றது மனசு. பிழைத்துவிட்டால் மன்னிப்பு சுலபமாகக் கிடைக்கும். பிழைக்காவிட்டால் வாயே வராது. இரண்டுமே திருட்டுத்தனம். நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மெஷின் மேல தப்பில்லை. நான் அந்த இடத்தைப் பாக்கவே இல்லை. பாத்ததா டிக் போட்டேன்."

"எப்போ?"

"உனக்கு மூக்கைக் காட்டிட்டிருந்தப்போ."

நாத்தனார் முகம் சுருங்கியது. "அப்போ... நான் கேட்டதாலயா?"

"இல்லடி. நீ ஆயிரம் கேப்பே. முடியாதுன்னு சொல்லி உன்னை நடக்க விட்டிருக்கணும். அது என் வேலை."

நாத்தனார் எழுந்து எதிர்க்கோடியில் போய் உட்கார்ந்தாள். நடுவே ஆறு நாற்காலி. கழுகுக்கு ஆறு கடல். மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடுவே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஐந்து மணி நேரம் கழித்துச் சர்ஜன் வந்தார். "தாங்கிடுச்சு. மூணு நாள் கவனமாப் பாக்கணும். அம்மாவோட ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம்."

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். நாத்தனார் கதவருகே போய், திரும்பாமலே சொன்னாள்: "அண்ணி, நீங்க வாங்க. நிறம் வந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இந்தத் தடவையாவது பாத்துட்டுச் சொல்லுங்க."

குழந்தையைச் சுற்றி ஒரு தொழிற்சாலைக்கு ஆகும் குழாய்கள். கழுகு மூக்குப் பக்கம் போகவில்லை. குனிந்து ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள். ரோஜா நிறம். பத்தொன்பது ஆயிற்று. இடது கால் கட்டைவிரலில் மட்டும் ஆக்சிஜன் அளக்கும் பட்டை சுற்றியிருந்தது.

"என்ன அண்ணி, சரியா இருக்கா?"

"பொறு."

நர்ஸ் அந்தப் பட்டையை மறுகாலுக்கு மாற்றும்வரை நின்றிருந்து, இருபதாவதையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.