பத்திரிகையில் அடித்த பட்டம்

என் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பொய் உண்டு. 'செல்வி ஜோதிலட்சுமி, பி.எஸ்சி.' அந்த பி.எஸ்சி.தான் பொய். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த கையோடு முகூர்த்தம் குறித்தார்கள். ரிசல்ட் வருவதற்குள் அப்பா பத்திரிகை அடித்து அனுமந்தன்பட்டி முழுக்கக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, துணைப்பாடம் இயற்பியலில் நான் ஃபெயில். அப்பாவிடம் சொன்னால் வீடு ரெண்டாகும், மாப்பிள்ளை வீட்டில் சொன்னால் கல்யாணம் நிற்கும். வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினேன்.

மாப்பிள்ளை சுருளியாண்டி, காமயகவுண்டன்பட்டியில் உரக்கடை வைத்திருந்தார். உத்தமபாளையத்தில் நான் படித்த அதே சின்னக் கல்லூரியில் எனக்கு நாலு வருஷம் முன்னால் படித்தவர், பி.காம். பத்திரிகையிலும் போட்டிருந்தது, கடை போர்டிலும் போட்டிருந்தது. என் மாமியார் இருளம்மாள் குழாயடியில் நின்று, "எங்க வீட்ல மகனும் டிகிரி, மருமகளும் டிகிரி" என்று சொல்லாத நாளில்லை. கேட்கும்போதெல்லாம் நான் குடத்தோடு நழுவிவிடுவேன். வீட்டுக்காரரிடமாவது சொல்லலாமென்று எத்தனையோ தடவை வாயெடுத்து முழுங்கியிருக்கிறேன். போதாக்குறைக்கு ஒருநாள் சண்டையில், "நானும் டிகிரி முடிச்சவதான்" என்று வேறு கத்தித் தொலைத்தேன். இப்படியே ஒன்பது வருஷம், ரெண்டு பிள்ளைகள்.

2003 ஆரம்பத்தில் பேப்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர்கள் ஏப்ரலில் எழுதிக்கொள்ளலாம், இதுவே கடைசி வாய்ப்பு. விட்டால் சாகும்வரை நான் பொய்க்காரிதான். அம்மா வீட்டு விலாசத்தைப் போட்டு விண்ணப்பித்தேன். மதியம் மாமியார் கண்ணயர்ந்ததும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். மண்டையில் ஏறினால்தானே! படிப்பு வரும் வயதிலேயே வராதது, முப்பது வயதில் குழம்பு தாளிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் வந்துவிடுமா?

பரீட்சையன்று காலையில் அவரிடம், "அம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லையாம், பாத்துட்டு வந்துர்றேங்க" என்றேன்.

"போயிட்டு வா. எனக்கும் இன்னிக்குத் தேனில கம்பெனி மீட்டிங்கு. சாயங்காலந்தான் வருவேன்."

அப்பாடா என்றிருந்தது.

கல்லூரி வராந்தாவில் கால் வைத்ததும் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. தொப்பையும் வழுக்கையுமாக ஆம்பளைகள், இடுப்பில் பிள்ளையோடு பொம்பளைகள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தூணுக்குத் தூண் திரும்பி நின்றார்கள். என் வகுப்புத் தோழி அபிதா நேருக்கு நேராக மாட்டினாள்.

"ஏய் ஜோதி! தங்கச்சிக்கு டி.சி. வாங்க வந்தேன்டி."

அவள் கையில் ஸ்கேலும் ரெண்டு பேனாவும்.

"நானும் சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். என் கையிலும் அதேதான். ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரிப்பு அடங்கவில்லை, சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு சட்டை கண்ணில் பட்டது. காலையில் நான் தேய்த்துக் கொடுத்த நீலக் கட்டம். சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

ஆத்தாடி! யாரோ சொல்லி, கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். ஓடி ஒளிந்தால் பரீட்சை போய்விடும். நேரே போய் நின்றேன்.

"ஏங்க, தப்புத்தான். எங்கப்பா அவசரப்பட்டுப் பத்திரிகை அடிச்சுட்டாக. நான் டிகிரி இல்லங்க, ஒரு பேப்பரு நிக்குது. வீட்ல போய் என்னய என்ன வேணாலும் சொல்லுங்க. இத மட்டும் எழுதிட்டு வந்துர்றேன்."

அவர் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஹால் டிக்கெட். அவர் போட்டோ ஒட்டியிருந்தது. பாடம், புள்ளியியல்.

எனக்கு வந்ததே கோபம்! "அடப்பாவி மனுசா! போர்டுல கொட்ட எழுத்துல எழுதிப் போட்டிருக்கீகளே! ஒம்பது வருசமா நான் பயந்து பயந்து செத்திருக்கேன், நீங்க கல்லு மாதிரி இருந்திருக்கீக!"

"மெதுவாப் பேசு புள்ள, எல்லாரும் பாக்குறாக. நீ பெயிலுன்னு எனக்கு என்ன தெரியும்? டிகிரி முடிச்ச புள்ளகிட்ட நான் பெயிலுன்னு எப்பிடிச் சொல்றது? யூரியா மூட்டைக்குப் பின்னால உக்காந்து படிச்சேன். இப்ப எல்லாம் மறந்துபோச்சு."

அவர் கண் கலங்கியிருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. பெல் அடித்தார்கள். அவசரமாகப் பைக்குள்ளிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிய்த்து என் கையில் திணித்தார்.

"காலைல நீ ஒன்னும் சாப்பிடல. அங்கன போய் மயக்கம் போட்டு விழுந்துராத."

ஜூலையில் ரிசல்ட். டவுன் பஸ் ஏறி ரெண்டு பேருமாகப் போனோம். கல்லூரி வாசல் வந்ததும் அவர் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். "எனக்குப் பாக்கத் தைரியமில்ல. நீயே ரெண்டு நம்பரையும் பாத்துட்டு வா."

நோட்டீஸ் போர்டில் என் நம்பர் இருந்தது. கண்ணாடியில் விரலை வைத்து ரெண்டு தடவை பார்த்தேன், இருந்தது. அவர் நம்பரைத் தேடினேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இல்லை. இனி எழுதவும் முடியாது.

வெளியே வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இந்த மனுசனைத் தனியாக விட்டுவிட்டு எனக்கு மட்டும் என்ன பட்டம்?

"ரெண்டு நம்பரும் இல்லங்க" என்றேன். "போனாப் போகுது, விடுங்க."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். பெஞ்சில் பக்கத்திலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். அல்வா.

"கிறுக்கி. நேத்தே வந்து பாத்துட்டேன். உன் நம்பர உன் கண்ணால நீ பாக்கணும்னுதான் கூட்டியாந்தேன்."

"அப்ப உங்களுக்கு..."

"எனக்கு வருத்தந்தான், இல்லைங்கல. ராத்திரி பூரா தூக்கமில்ல. ஆனா உன்கிட்ட மறைக்க இனி ஒன்னுமில்ல பாரு, அந்த மட்டுக்கும் நெஞ்சு லேசா இருக்கு. வாயத் தொற."

டீக்கடை பெஞ்சில், பத்துப் பேர் பார்க்க, எனக்கு ஊட்டிவிட்டார். நான் அழுதுகொண்டே மென்றேன்.