சனிக்கிழமைத் தகடு

என் புருஷன் அருமைநாதனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? சனிக்கிழமை தோறும் பகல் ஒரு மணிக்கு மாதா கோயில் பங்குச் சபைக் கூட்டம் என்று காரை எடுத்துக்கொண்டு போவார். ஆறு மணிக்கு விசிலடித்தபடி திரும்புவார். கூட்டத்துக்குப் போய் விசிலடித்துக்கொண்டு வந்த மனிதரை நான் கண்டதில்லை.

சபைச் செயலாளர் மெலனியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"கூட்டமோ? உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கூட்டமே வைக்கேல்லையே அக்கா," என்றாள்.

முப்பத்தொரு வருடம் என்னோடு இருந்துவிட்டு, அறுபத்துநாலு வயதில் ஒருத்தியா? இரண்டு சனிக்கிழமை, நாங்கள் குடியேறிய ரொக்ஸ்பரோத் தெருக்களில் நடந்து, எங்கள் கார் யார் வாசலில் நிற்கிறது என்று பார்த்தேன். கால்தான் நொந்தது.

அடுத்த கிழமை அவருடைய கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் ஏதோ பாரமாக இடித்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டப் பித்தளைத் தகடு. நடுவில் சதுர ஓட்டை. அதைச் சுற்றி எழுத்துகள். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை.

செய்வினை! இவரை மயக்க அவள் தகடு எழுதிக் கொடுத்திருக்கிறாள். கத்தோலிக்கப் பெண் இதையெல்லாம் நம்பலாமா என்று பாதர் கேட்பார். பாதருக்கு யார் சொல்லப்போகிறார்கள்? தகட்டுக்குத் தீர்த்தம் தெளித்தேன். மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொன்னேன். பின்தெருவால் நடந்து போய் ஆற்றில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன். செய்வினைத் தகட்டை ஓடுகிற தண்ணீரில்தான் போடவேண்டும் என்பது எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை வந்தது. அருமைநாதன் கோட்டுப் பையைத் துழாவினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார், காருக்குள் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சிசிலி, ஒரு பித்தளைச் சாமான் கண்டனீரோ?"

"அவளின்ர பேரைச் சொல்லுங்கோ. பேந்து சொல்லுறன்."

"எவள்?"

அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார். பிறகுதான் கதை வெளியே வந்தது. பழைய வேலைத்தலத்து நண்பர் நிஷிமுரா, லவாலில் இருக்கிற ஜப்பான்காரர், வீட்டு பேஸ்மெண்டில் தன் ஊர் ரயில்பாதையை விளையாட்டு ரயில் அளவில் அச்சொட்டாகச் செய்து வைத்திருக்கிறாராம். உண்மையான பாதை மலைக்குள் இருபது கிலோமீற்றர், ஏழு நிலையம், ஒற்றைத் தண்டவாளம். நிலக்கரிக்காகப் போட்டது. சுரங்கம் மூடியபின் பள்ளிப் பிள்ளைகளையும் மரக்கறிக் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு ஒற்றைப் பெட்டியாக ஓடி, கடைசியில் நின்றுபோனது.

"ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் ஒரேயொரு தகடு. அது கையில இருந்தால்தான் ரெயின் உள்ளுக்குப் போகலாம். அப்பத்தான் ரெண்டு ரெயின் முட்டாது. அது மெய்யான தகடு, சிசிலி. அவரின்ர தகப்பன்தான் கடைசி ஸ்டேஷன் மாஸ்டர். நான் மறந்துபோய்ப் பையில போட்டுக்கொண்டு வந்திட்டன்."

"இதை ஏன் எனக்கு ஒளிச்சனீங்கள்?"

"ரெயின் விளையாடுறன் எண்டால் நீர் சிரிப்பீர்."

சிரித்திருப்பேன். அதுதான் நெஞ்சில் தைத்தது. ஆற்றில் எறிந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. அன்றிலிருந்து என்னோடு ஒரு சொல் கதைக்கவும் இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், எழும்பிப் போனார்.

அடுத்த சனி நானே போய்க் காரின் முன்சீற்றில் ஏறி இருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். ஆனாலும் அந்த வீட்டில் ஒரு ஜப்பான்காரி இருக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்?

இல்லை. மெலிந்த கிழவர் ஒருவர்தான் கதவைத் திறந்தார். கீழே மேசை முழுக்க மலையும் சுரங்கமும் நெல்வயலும். தகடு தொலைந்த துண்டின் இரு முனை நிலையங்களிலும் இரண்டு ரயில்கள் அசையாமல் நின்றன. யாரும் பார்க்காத அந்த பேஸ்மெண்டில்கூட, தகடு இல்லாமல் அவர் ஒன்றையும் ஓட்டவில்லை.

கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பதினெட்டு வருடம் பிள்ளை பார்த்த எனக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. செய்வினை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். நிஷிமுரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பா நாற்பது வருடம் அதைத் தொலைக்கவில்லை," என்றார்.

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து, மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிவப்புக் கைப்பட்டியை எடுத்தார்.

"தகடு இல்லாமல் போனால் எங்கள் பாதையில் ஒரு விதி உண்டு, மதாம். ஒரு மனிதரே தகடாக வேண்டும். ஒரேயொருவர். அவர் கூடப் போகாமல் எந்த ரயிலும் அந்தத் துண்டுக்குள் போகாது." பட்டியை என் கையில் கட்டினார். "ஒவ்வொரு சனியும் வரவேண்டும். அனுப்புகிறவர் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அதுவும் விதி."

அனுப்புகிறவர் அருமைநாதன். விசையில் கை வைத்தபடி சுவரைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். நான் ரயிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நேரம் பிந்துகிறது," என்றார் நிஷிமுரா.

ஏழு நாளாக மூடியிருந்த வாய் மெல்லத் திறந்தது.

"தகடு இருக்கோ?"

"இருக்கிறன்," என்றேன்.