பாக்கியம் ஆன்டியின் பட்டுச்சேலை

டாக்டரைப் பார்ப்பதென்றால் பாக்கியம் ஆன்டிக்குக் கோயிலுக்குப் போகிற மாதிரி. குளித்து, பவுடர் பூசி, தீபாவளிப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, மேரு அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்துக்குக் காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தார். வெளிநாட்டு டாக்டர்கள் இலவசமாகப் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர் காலை வேறெங்கும் காட்டவில்லை. சர்க்கரைப் புண். ஆஸ்பத்திரிக்குப் போனால் பாதத்தை எடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

டாக்டர்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு மலர்விழி புண்ணின் கட்டை அவிழ்த்தாள். நாற்றம் குப்பென்று அடித்தது. பெருவிரலுக்குக் கீழே சதை கருத்து, மஞ்சளாக நீர் வடிந்தது.

ஏற்பாட்டாளர் முகுந்தன் கேமராவோடு வந்தார். புண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சேலையைப் பார்த்ததும் சுருங்கியது. மலர்விழியைத் தனியே அழைத்தார்.

"என்னலா இது, கல்யாணத்துக்கா வந்திருக்காங்க? இந்தப் படத்தப் போட்டா எவன் டொனேஷன் தருவான்? போயி பழைய நைட்டி போட்டுட்டு வரச் சொல்லு."

"லிஃப்ட் ரோசாக், அண்ணே, ஓடல. நாலு மாடி, இந்தக் காலோட எப்படி ஏறுவாங்க?"

"அப்ப அடுத்த வருஷம் வரட்டும். டாக்டருங்க பத்துமலைய சுத்திப் பாக்கக் கெளம்பணும், பஸ் நிக்குது."

மேசை துடைக்கும் ஈரத்துண்டு ஒன்று கிடந்தது. மலர்விழி அதை எடுத்து ஆன்டியின் சேலை மறையப் போர்த்தினாள். துண்டில் யாரோ வாந்தியெடுத்த வாடை. ஆன்டி கேமராவைக் கண்டதும் முடியைக் கோதிக்கொண்டு பல் தெரியச் சிரித்தார்.

சிரிக்க வேண்டாமென்று சொல், என்றார் முகுந்தன் ஆங்கிலத்தில்.

மலர்விழி ஆன்டியின் பக்கம் குனிந்தாள். "ஆன்டி... சிரிக்காதீங்க."

"ஏன் பாப்பா? பல்லு அசிங்கமா இருக்கா?"

படம் எடுத்தாயிற்று. டாக்டர் என்று உட்கார்ந்திருந்தவன் இன்னும் படித்து முடிக்காத மாணவன். பேனா முனையால் புண்ணைச் சுட்டினான். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல் என்றான். ஒரு வைட்டமின் பாக்கெட்டை நீட்டினான். புண்ணைக் கட்டக்கூட இல்லை. எழுந்து பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டான்.

மலர்விழி துண்டை உருவித் தரையில் எறிந்தாள். மேசையிலிருந்த சுத்தமான துணியை எடுத்து அவளே கட்டினாள். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கார் கூப்பிட்டாள்.

ஆன்டி தோளை முகர்ந்து பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"அங்க இந்தச் சேலையோட போலாமா, பாப்பா? மாத்தணுமா?"

"மாத்த வேணாம். முந்தானைய நல்லா விரிச்சு விடுங்க, ஆன்டி."