பலா இலைக் குணுக்கு

ஏலிக்குட்டிக்குத் தெரிந்த இந்திச் சொற்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். பானி, கரம், ஜல்தி, அச்சா, போதும் என்பதற்கு ஒரு பஸ். வாதம் வந்து படுத்துவிட்ட கணவர் பௌலோஸைப் பார்த்துக்கொள்ள நிராகர் வந்த நாளிலிருந்து, இவற்றையே மாற்றி மாற்றிப் போட்டு அவள் வீட்டை நடத்திக்கொண்டிருந்தாள். அவனுக்குப் புரியவில்லையோ என்று சந்தேகம் வந்தால் குரலை உயர்த்துவாள். "பானி! கரம் பானி!" அவள் வெந்நீர் கேட்பது பெரும்பாவூர் சாலையில் போகிற பஸ்காரனுக்கே கேட்கும்.

நிராகருக்கு மலையாளம் நன்றாகவே வரும். பிளைவுட் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் பஸ் போர்டுகளைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டது. இந்திதான் அவனுக்குத் தகராறு. அவன் ஒடிசாக்காரன், கந்தமால் மலைப்பக்கம். ஆனால் வடக்கேயிருந்து வந்தவன் எவனானாலும் அங்கே பெங்காலிதான், பெங்காலி என்றால் இந்திதான்.

மலையாளம் தெரியும் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது ஏலிக்குட்டி தோஹாவில் இருக்கும் மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரு பெங்காலி வந்திருக்கான்டா எல்தோ. பாவம், ஒண்ணும் புரியாது. சோறுன்னா மட்டும் நல்லாப் புரியும்." அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் இவ்வளவும் ஒட்டுக் கேட்டேன் என்று ஆகும். ஒரு நாள் தள்ளிப்போட்டான். மறுநாள் இன்னும் கடினமாகிவிட்டது. மலையாளிகளே இப்படித்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு, அவனும் அரைகுறை இந்தியிலேயே "அச்சா அம்மச்சி" என்று காலத்தை ஓட்டினான்.

பௌலோஸ் அப்பச்சனுக்கு வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. புத்தியும் போய்விட்டது என்று ஊரே முடிவு செய்திருந்தது. பார்க்க வருகிறவர்கள் கட்டிலருகே நின்று, தொட்டில் பிள்ளையிடம் பேசுவதுபோல் இழுத்து இழுத்துப் பேசுவார்கள். பிறகு ஏலிக்குட்டி பக்கம் திரும்பி அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள்.

ஒருநாள் சர்ச் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். "பௌலோசேட்டா! நான் யாருன்னு தெரியுதா?" என்று காதருகே கத்தினார். பதிலுக்குக் காத்திராமல், "தெரியாது, எங்க தெரியப்போகுது" என்று தானே சொல்லிக்கொண்டார். போகும்போது மேசையிலிருந்த அச்சப்ப முறுக்கில் கைநிறைய அள்ளிக்கொண்டு, "அவருக்கு இனி எதுக்கு இதெல்லாம்?" என்றார்.

அப்பச்சனின் கண்கள் கூரையைப் பார்த்துச் சுழன்று, நிராகரிடம் வந்து நின்றன. நிராகருக்குச் சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்தினான், ஆனால் சிரித்தது சிரித்ததுதான்.

அப்பச்சன் அவனையே பார்த்தார். மலையாளம் புரியாதவன் அந்த இடத்தில் ஏன் சிரிக்க வேண்டும்? மெல்ல அவருடைய இடது உதடும் ஏறியது. யாரும் என்ன வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகிற அந்த அறையில் இரண்டு பேர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அப்பச்சன் இடக்கையால் மேசை இழுப்பறையைக் காட்டினார். ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக்கட்டு. அதைப் போர்வைமேல் கொட்டச் செய்து, இரண்டிலிருந்து ஆறு வரையிலான சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி ஒதுக்கினார். நிராகருக்கு உடம்பு சிலிர்த்தது. அவன் ஊரிலும் அதே மாதிரிதான் ஒதுக்குவார்கள். ராஜாவையும் ராணியையும் கீழே தள்ளிவிட்டு ஜாக்கி மேலே உட்காருகிற ஆட்டம். இங்கே அதற்கு இருபத்தெட்டு என்று பெயர், அங்கே இருபத்தொன்பது.

"எங்க ஊர்ல கடைசிப் பிடிக்கு ஒரு புள்ளி ஜாஸ்தி, அப்பச்சா" என்றான் நிராகர், மலையாளத்தில், அந்த வீட்டில் முதன்முறையாக.

அப்பச்சன் உதட்டைப் பிதுக்கினார். ஏற்கவில்லை.

நாலு பேர் ஆடுவதை இரண்டு பேருக்குச் சுருக்கிக்கொண்டார்கள். ஏலிக்குட்டி மதியத் தூக்கம் போடும் நேரம்தான் ஆட்ட நேரம். தோற்றவன் காதில் குணுக்கு என்று எதையாவது தொங்கவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் பலா மரம், காம்போடு ஓர் இலை போதும். அநேகமாக அது நிராகரின் காதில்தான் தொங்கியது.

எல்தோ விடுமுறையில் வந்தான். அம்மாவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, அவளைத் தோஹாவுக்கு அழைத்துப்போக வேண்டும். அப்பாவுக்கு மூவாற்றுப்புழையில் ஒரு முதியோர் இல்லம். இதையெல்லாம் அப்பாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தே அம்மாவிடம் சொன்னான். "சனிக்கிழமை வண்டி வரும். அப்பச்சனுக்கு இந்த வீடா அந்த வீடான்னு தெரியவா போகுது?"

ஏலிக்குட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பெங்காலிகிட்ட எப்படிச் சொல்றது?"

"கணக்கு முடிச்சா தானே புரிஞ்சுக்குவான்."

அப்பச்சன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நிராகர் அவர் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று நினைத்தான். சொல்லவில்லை. நான் சொன்னால் யார் நம்புவார்கள்? வேலை போகிற பயத்தில் பெங்காலி கதை கட்டுகிறான் என்றுதானே வரும்?

வெள்ளிக்கிழமை மதியம் அப்பச்சன் வழக்கம்போல் இழுப்பறையைக் காட்டினார். கடைசி ஆட்டம் என்று இருவருக்கும் தெரியும். என்ன ஆனதோ, அன்று அவர் தோற்றார். தானே காதைக் காட்டினார். நிராகர் இலையை மாட்டிய அதே நேரம் கதவு திறந்தது.

எல்தோ அப்பாவின் காதில் தொங்கும் இலையைப் பார்த்தான். போர்வைமேல் கிடந்த சீட்டுகளைப் பார்த்தான்.

"எங்கப்பனை வச்சுக் கோமாளி வேஷமாடா கட்டுற?" என்று மலையாளத்தில் கத்தினான். "சீட்டு! உங்க புத்தி எங்க போகும்? நிகல்! பாஹர் நிகல்!" என்று இந்திக்கு மாறி வாசலைக் காட்டினான்.

ஏலிக்குட்டி ஓடிவந்தாள். "என்னடா? என்ன ஆச்சு?"

நிராகர் எழுந்து நின்றான். "வேஷம் இல்ல சேட்டா. அப்பச்சன் தோத்துட்டார். நேத்து நான் மாட்டியிருந்தேன், முந்தாநேத்தும் நான்தான்."

அவன் பேசியது சுத்தமான பெரும்பாவூர் மலையாளம்.

ஏலிக்குட்டி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "என் கர்த்தாவே! அப்போ சோறு பத்தி நான் சொன்னது..."

"கேட்டேன் அம்மச்சி."

"டார்ச் லைட்டைக் காணோம்னு உன்னைச் சந்தேகப்பட்டது..."

"அதையும்தான். கட்டிலுக்குக் கீழ கிடந்துச்சு."

"அப்புறம் ஏன்டா என்னை இந்தியில கத்தவிட்டே? என் தொண்டையே போச்சே!"

"உங்களுக்கு இந்திதான் பிடிக்கும்னு நினைச்சேன்."

எல்தோவின் கோபம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது. "அப்பச்சனுக்கு... ஆடத் தெரியுதா? நாங்க பேசினதெல்லாம் புரியுதா?"

"என்னைக் கேக்காதீங்க சேட்டா. அவரைக் கேளுங்க."

எல்தோ கேட்கவில்லை. அப்பச்சன்தான் இடக்கையால் சீட்டுகளைக் கூட்டிச் சேர்த்து நிராகரிடம் தள்ளி, தாடையால் மகனைக் காட்டினார். நிராகர் கலைத்துப் போட்டான். எல்தோ கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தான்.

ஆட்டம் நீண்டது. ஒவ்வொரு சீட்டையும் எடுக்க அப்பச்சனுக்கு நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசிப் பிடிக்கு எல்தோ இஸ்பேட் ஒன்பதைப் போட்டான். அப்பச்சன் தன் கடைசிச் சீட்டை நுனிவிரலால் தள்ளிக்கொண்டே வந்து அதன்மேல் வைத்தார். இஸ்பேட் ஜாக்கி.

எல்தோ அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சிறுவயதில் கிளப் ஜன்னலில் தொற்றிக்கொண்டு அவன் பார்த்திருக்கிறான். அப்பா ஜாக்கியைக் கடைசிவரை பதுக்கிவைத்து, மேசை அதிர அடிப்பார். இன்று அந்த அடி மட்டும் வரவில்லை. எல்தோ கையை ஓங்கிக் கட்டில் பலகையில் ஓர் அடி அடித்தான், அவருக்காக.

அப்பச்சன் தன் காதிலிருந்த இலையைக் கழற்றி நீட்டினார். மகன் தலையைக் குனிந்தான். ஒற்றைக் கையால் அதை மாட்ட அவர் பாடுபட்டார். நிராகர் உதவப் போகவில்லை.

"அப்பச்சா" என்றான் எல்தோ, குனிந்தபடியே. இந்த முறை இழுக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. "நாளைக்குப் போகணுமா?"

அப்பச்சன் இடக்கையை மெத்தைமேல் விரித்து வைத்து அழுத்தினார். இங்கே.

எல்தோ போனை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினான். "நாளைக்கு வண்டி வேண்டாம். இல்ல, தள்ளிப்போடல, வேண்டாம்" என்று சொல்வது உள்ளே கேட்டது. இலை இன்னும் அவன் காதிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

"என் மூட்டு வலியை இங்கேயே பார்த்துக்கலாம்" என்று ஏலிக்குட்டி யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். பிறகு நிராகரிடம் திரும்பி, "பானி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மோனே, கொஞ்சம் வெந்நீர் கொண்டா. ஆமா, உனக்குப் பெங்கால்ல எந்த ஊர்?"

"பெங்கால் இல்ல அம்மச்சி. ஒடிசா."

"சரி சரி. அது பெங்கால்ல எந்தப் பக்கம்?"

கட்டிலில் அப்பச்சனின் கண்கள் கூரையைப் பார்த்துச் சுழன்றன.