பூக்கடைத் தராசு

அங்கன்வாடி ஆனந்தி டீச்சரின் போனில், பிள்ளைகளின் எடைக் கணக்கில், என் மகள் ஜீவிதா பச்சையாகிவிட்டாள். போன மாதம் எடை குறைவென்று மஞ்சளில் இருந்தாள். எட்டுக் கிலோ தொள்ளாயிரம். இந்த மாதம் ஒன்பது கிலோ ஐம்பது. இடையில் ஒரு காதுகுத்துதான் நடந்தது.

"எடை ஏறிருச்சு பானு. ஆஸ்பத்திரிக்கு அனுப்புற லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன்," என்றார் டீச்சர்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பத்து நாளாகப் பிள்ளை சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். ஜட்டி இடுப்பில் நிற்கவில்லை. நாட்டிலிருக்கிற பிள்ளைகளை எல்லாம் அந்தப் போனில்தான் கணக்கெடுக்கிறார்களாம். அது பொய் சொல்லுமா? அப்படியென்றால் என் கண்தான் அவிந்துபோச்சா?

மறுநாள் காலை மல்லிகைப் பையோடு அவளையும் தூக்கிக்கொண்டு நிலக்கோட்டைக்குப் போனேன். பூச்சந்தைக் கூட்டத்தில் திருட்டுப் பயம். பிள்ளையின் நகையைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டேன். பூக்கடை மலைச்சாமி அண்ணன் என் பூவை நிறுத்து முடித்ததும் சட்டையைக் கழற்றி ஜீவிதாவைத் தராசில் உட்கார வைத்தேன்.

எட்டுக் கிலோ எழுநூறு.

சுர்ரென்று கோபம் ஏறியது. "ஏண்ணே, பூவுல அடிக்கிறது பத்தாதுன்னு பிள்ளையிலயும் அடிக்கிறீகளா?"

"ஏத்தா, வாய அளந்து பேசு!" அவர் ஐந்து கிலோ படிக்கல்லைத் தூக்கி வைத்தார். தராசு ஐந்து கிலோ என்றே காட்டியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது. ரெண்டு தராசும் சரியென்றால் பிள்ளைக்கு எத்தனை எடை?

"அங்க என்னத்தப் போட்டு நிறுத்தாக?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே, சட்டையக் கூடக் கழட்டித்தான்..."

அப்போதுதான் உறைத்தது. நேற்று நகையையும் கழற்றச் சொன்னார் டீச்சர். நான்தான், "தாய்மாமன் போட்டது டீச்சர், எல்லாரும் பாக்கட்டும்" என்று பீற்றிக்கொண்டேன்.

மடியை அவிழ்த்தேன். கனத்த வெள்ளித் தண்டை ரெண்டையும் அரைஞாணையும் தராசில் வைத்தேன். முந்நூற்றைம்பது கிராம்.

போன மாதம் நிறுத்தது வெறும் உடம்பு. அப்படியென்றால் என் பிள்ளை ஏறவே இல்லை. இருநூறு கிராம் இளைத்திருக்கிறாள். என் பவுசுதான் அவளை லிஸ்ட்டிலிருந்து விரட்டியிருக்கிறது.

அங்கேயே நின்று டீச்சருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், அந்தப் பச்சைய அழிச்சிருங்க. ஏறுனது வெள்ளி. என் பிள்ள இல்ல."