மொச்சை தானாகத் தின்ற புல்

அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மத்திகிரி வாடகை வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். டி.வி. ஸ்டாண்டை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் பரமசிவம், மடியில் நாற்பது பக்க நோட்டு. அடுப்படி வாசலில், முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் அவர் மனைவி இருளாயி. கட்டில் நுனியில் வீட்டுக்காரம்மா சாந்தம்மா, கையில் ஒரு பிடி அருகம்புல். ஜன்னலுக்குக் கீழே சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டியில், மடித்த துண்டின் மேல், வயிற்றில் ஐந்து தையலோடு மொச்சை.

மொச்சை ஒரு கினிபிக். முயலும் எலியும் பேசிவைத்துப் பெற்ற மாதிரி, வால் இல்லாமல், இரண்டு கைக்குள் அடங்குகிற பிராணி. அதன் ஜோடி கடலையைக் கூடத்தில் இருந்தவர்களோடு சேர்ப்பதா வேண்டாமா என்பது சந்தேகம். அது அடுப்படியில், சிலிண்டருக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'வீக் வீக்' என்று விசிலடித்து எல்லாப் பேச்சிலும் கலந்துகொண்டது.

இரண்டும் மகள் தர்ஷினி வளர்த்த பெட்டைகள். அவள் ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். அங்கே போன் கிடையாது, கடிதம்தான். மொச்சையின் மூத்திரப்பையில் பட்டாணி அளவு கல் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று பரமசிவம் எழுதியதற்கு அவளிடமிருந்து பதில் வந்திருந்தது.

"அப்பா, போன வருஷம் மீன் செத்ததுக்கு, ஏரியில விட்டுட்டு வந்தேன்னு சொன்னீங்க. இந்தத் தடவை அது வேண்டாம். மொச்சை தானா சாப்பிட்டா மட்டும் சாப்பிட்டாள்னு எழுதுங்க. இல்லைன்னா இல்லைன்னே எழுதுங்க."

ஊசி இல்லாத சிரிஞ்சில் குழைத்த உணவை ஊட்டிக்கொண்டே இருக்கலாம். ஆனால் நாலு நாளுக்குள் தானாகத் தின்னாவிட்டால் குடல் நின்றுபோகும், பிறகு காப்பாற்றுவது கஷ்டம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். இது நாலாவது நாள். இரண்டு பக்கக் கடிதம் தயார். கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார் பரமசிவம். பஸ் ஸ்டாப் பெட்டியில் பன்னிரண்டரைக்குத் தபால் எடுப்பார்கள். ஒன்றரைக்கு அவருக்குக் கம்பெனி பஸ்.

பைக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பதினாறு வருஷமாக இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறார் அவர். பழுது தெரிந்த பாகம் சிவப்புப் பெட்டிக்குள் போகவேண்டும்; நல்லதோடு ஒட்டக்கூடாது. கையெழுத்துப் போடாமல் அந்தப் பெட்டியைத் திறக்கவும் கூடாது. கடலை தையலைக் கடித்தால் இரண்டையும் பிரித்து வையுங்கள் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். கடிக்கும்வரை காத்திருப்பது பரமசிவத்தின் தொழிலுக்கு அழகில்லை. வீட்டுக்கு வந்த அன்றே பிரித்துவிட்டார்.

"எலிக்குக் கூடவா ஆபரேசன், குடும்பக் கட்டுப்பாடான்னு எங்க வீட்டுக்காரரு கேக்கறாரு" என்றார் சாந்தம்மா.

"அவருக்கு வேணும்னாலும் அந்த டாக்டரம்மாகிட்டயே சீட்டுப் போட்டுருவோம்னு சொல்லுங்கக்கா" என்றாள் இருளாயி, அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாந்தம்மா சிரித்துக்கொண்டே புல்லை மொச்சையின் மூக்கருகில் நீட்டி, "தினு, தினு" என்றார். மாடுகளோடு தெலுங்கிலும் குடித்தனக்காரரோடு தமிழிலும் பேசுகிறவர். மொச்சையை மாட்டுக் கணக்கில் சேர்த்திருந்தார். மொச்சை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

'11.10. புல் காட்டப்பட்டது. ஏற்கவில்லை' என்று எழுதினார் பரமசிவம். பேனாவை மூடினார், திறந்தார்.

"இல்லைன்னே எழுதிரட்டுமா?"

இருளாயி எழுந்து வந்து, நோட்டை அவர் மடியிலிருந்து எடுத்துப் புரட்டினாள்.

"'வியாழன் 9.20. கடலை சத்தம். மொச்சை காதைத் திருப்பியது.' 'வெள்ளி 7.05. கடலை சத்தம். எழுந்து நின்றது.' 'வெள்ளி 10.40. கடலை சத்தம். மெல்லிய பதில் சத்தம்.' என்னங்க இது? ரெண்டு நாளா இதத்தான எழுதியிருக்கீக?"

"பாத்தத எழுதுனேன்."

"எழுதிட்டீக. படிக்கத்தான் ஆளில்ல."

"தையலக் கடிச்சிருச்சுன்னா?"

"கடிச்சா எடுத்துருவோம். கடிக்காமலே இங்க ஒண்ணு சாகக் கெடக்கு. செவப்புப் பெட்டியத் தொறக்கக் கையெழுத்து வேணும்னா போட்டுக்கங்க."

அவர் உண்மையிலேயே போட்டார். '11.25' என்று எழுதி, கீழே கையெழுத்து.

இருளாயி முந்தானையில் ஏந்தி வந்து கடலையை உள்ளே விட்டாள். அது நேரே தையலைத்தான் மோந்தது. பரமசிவத்தின் கை பாதி தூரம் போய் நின்றது. கடலை ஒரு முறை தும்மிவிட்டு, மொச்சையின் விலாவோடு ஒட்டி உட்கார்ந்தது; பிறகு சாந்தம்மாவின் கையிலிருந்து நீளமான புல் ஒன்றை இழுத்து மெல்லத் தொடங்கியது. புல்லின் மறுநுனி மொச்சையின் மூக்கில் ஆடியது.

மொச்சை அதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தது. அப்புறம் நுனியைக் கவ்வியது. இரண்டு பக்கமும் புல் குறைந்து குறைந்து மூக்கும் மூக்கும் முட்டின. அடுத்த புல்லைக் கடலையின் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டது.

"திருட்டுக் கழுத" என்றாள் இருளாயி.

"மாடும் இப்படித்தாம்மா. பக்கத்துத் தொட்டியில இருக்கறதுதான் அதுக்கு ருசி" என்றார் சாந்தம்மா.

பரமசிவம் ஐந்தாவது புல் வரை எண்ணினார். பிறகு கடிதத்தை எடுத்து, விட்டுவைத்த இடத்தில் எழுதினார்: 'மணி 11.47. தானாகச் சாப்பிட்டாள், கடலை வாயிலிருந்து பிடுங்கி. நான்தான் அவசரப்பட்டுப் பிரித்து வைத்திருந்தேன். கண்டுபிடித்தது அம்மா. போன வருஷம் மீன் செத்துத்தான் போயிற்று.'

உறையின் பசை பிடிக்கவில்லை. இருளாயி குக்கரிலிருந்து நாலு பருக்கை எடுத்துக் கொடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்து ஒட்டி, ஊதிக் காயவைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். தபால்காரர் வர இன்னும் கால் மணி இருந்தது. கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டு, விழுந்ததா என்று பெட்டியின் வாயில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விழுந்திருந்தது.