ஓபல் இல்லாமல் வாங்கிய கழுதைகள்

மர ஆலையை இழுத்து மூடிய வருடம், ஆரின் டக்கெட்டும் அவன் மனைவி லோர்னாவும் வேட்டைக்கு ஆள் கூட்டிப்போகும் தொழிலைத் தொடங்கினார்கள். எங்கள் மொன்டானா மலையில் அது புதிய தொழில் அல்ல. வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அவர்களை மேலே கூட்டிப்போய், கூடாரம் அடித்து, வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டு, எல்க் மான் நடமாடும் இடத்தைக் காட்டி, கிடைத்த இறைச்சியைக் கெடாமல் கீழே இறக்கிக் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வால்ட் கடைசிவரை அதைத்தான் செய்தார்.

வசதி உள்ளவன் தொடங்குவது ஒரு மாதிரி, ஆரின் தொடங்கியது வேறு மாதிரி. உரிமம் வாங்கியதுமே கை காலியாகிவிட்டது. லாரி மூடுகிற பழைய கித்தானை லோர்னா தையல் மிஷினில் ஓட்டி, ஊசி ஊசியாக உடைத்து, கூடாரமாக்கினாள். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி ஆரின் அடுப்பு செய்தான். தட்டும் குவளையும் தேவாலயத்தில் பழைய சாமான் விற்றபோது எடுத்தவை. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

"ராஜா வீட்டு விருந்துக்குத்தான் ஒரே மாதிரி தட்டு வேணும். பசிச்சவன் தட்டையா பாக்கப் போறான்?" என்பாள் லோர்னா.

பொதி சுமக்கக் கோவேறு கழுதைகள் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள்.

வால்ட் போன பிறகு என்னிடம் மூன்று கோவேறு கழுதைகளும் ஓபலும் மிச்சம். ஓபல் கிழட்டு வெள்ளைக் குதிரை. ஒரு கண் மங்கல், முதுகில் சுமை ஏற்ற முடியாது. ஆனால் அவள் கழுத்தில் மணியைக் கட்டி ஓரிடத்தில் நிறுத்தினால் போதும், கழுதைகள் அந்தச் சத்தத்தை விட்டு நகராது. பெண் குதிரை வயிற்றில் பிறந்த பிள்ளைகள் அல்லவா, ஒருத்தியைத் தாயாக வரித்துக்கொண்டால் லேசில் விடாது. மலையில் வால்ட் ஒரு கழுதையையும் கட்டிப்போட்டு நான் பார்த்ததில்லை.

"நாலையும் சேத்து ஓட்டிக்கிட்டுப் போ, ஆரின். ஓபலுக்கு நீ ஒண்ணும் தர வேண்டாம்," என்றேன்.

அவன் ஓபலைச் சுற்றி வந்தான். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தான்.

"சும்மா குடுத்தாலும் பனிக்காலம் பூரா வைக்கோல் போடணுமே, எட்னாம்மா. நான் தொழில்தான் ஆரம்பிக்கிறேன். முதியோர் இல்லம் இல்ல."

லோர்னா அவன் முழங்கையைக் கிள்ளினாள். "மணிக்குதிரை இல்லாம கழுதைங்க நிக்காதுன்னு ஊரே சொல்லுது."

"அதெல்லாம் அந்தக் காலம். முன்னங்கால்ல தளை போட்டா தன்னால நிக்கும்."

கழுதைகள் போய்விட்டன. ஓபல் வேலியோரம் நின்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். ஓட்ஸ் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். பார்க்கப் பொறுக்காமல் அவளைச் சமையலறைப் பக்கத்து முற்றத்துக்குக் கொண்டுவந்து, வால்ட்டின் மணியை எடுத்துக் கழுத்தில் கட்டினேன். ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஜன்னலுக்கு வெளியே அது கிணுகிணுக்கும். நானும் ஏதாவது பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். முதியோர் இல்லம் என்று அவன் சொன்னது பொய்யில்லை. அதில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

செப்டம்பரில் அவர்களுக்கு முதல் விருந்தாளி வந்தார். ஒஹாயோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கிளெமென்ட். கூட வேலை பார்த்த சிநேகிதர்கள், "நீ முதல்ல போய்ப் பாரு, நல்லாருந்தா அடுத்த வருஷம் நாங்க அத்தனை பேரும் வர்றோம்" என்று அவரை அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு மனிதர் வாயில்தான் எல்லாம் இருந்தது. அவர் முகம் சுளித்துத் திரும்பினால், ஆரின் வேறு மாநிலத்துக்கு ஆலை வேலை தேடிப் போக வேண்டும். லோர்னா பிறந்து வளர்ந்த வீட்டைப் பூட்ட வேண்டும்.

ஒரு சாயங்காலம் கிளெமென்ட் பெரிய ஆண் எல்க் ஒன்றைச் சுட்டார். தோலுரித்து, துண்டம் போட்டு, துணிப் பைகளில் கட்டி ஓடைக்கரை நிழலில் தொங்கவிட்டார்கள். அந்த செப்டம்பரோ ஜூலை மாதிரி கொதித்தது. இரண்டு நாளுக்குள் ஊரில் உள்ள குளிர் அறைக்குப் போய்ச் சேராவிட்டால் அத்தனையும் வீண்.

விடிந்ததும் ஆரின் கழுதைகளுக்குத் தளை போட்டு மேய விட்டான். ஒரு குவளை காபி குடித்துவிட்டுத் திரும்பினால் புல் மட்டும்தான் இருந்தது. தளை போட்ட காலோடு முயல் மாதிரி தாவித் தாவி, மூன்றும் மலை முகட்டைத் தாண்டியிருந்தன.

லோர்னா ரொட்டியைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். "திட்டியிருந்தா நிம்மதியா நடந்திருப்பேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னான்.

கிளெமென்ட்தான் பேசினார். "தம்பி, நான் ஆயுசு பூரா பஸ் ஓட்டினவன். பாதி வழியில இறங்கிக்கிறவன் வேற எங்க போவான்? வீட்டுக்குத்தான். நீ அங்க போ. நானும் லோர்னாவும் இங்க இறைச்சி மேல ஈ உக்காராம ஓட்டுறோம்."

நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மணிச்சத்தம் ஓடுகிற மாதிரி கேட்டது. பார்த்தால், நடக்கவே சோம்பல்படுகிற ஓபல் வேலியோரம் ஓடிக்கொண்டிருந்தாள். சரிவில் மூன்றும் தத்தித் தத்தி இறங்கி வந்தன. முதலில் வந்தவன் வேலிக்கு மேலே கழுத்தை நீட்டினான். ஓபல் ஒவ்வொன்றின் முகத்தையும் முகர்ந்து பார்த்தாள். தளையை அவிழ்த்து உள்ளே விட்டேன். அன்றைக்குத்தான் அவள் ஓட்ஸை மிச்சம் வைக்காமல் தின்றாள்.

மதியம் ஆரின் நொண்டிக்கொண்டே வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"வந்துருச்சுங்களா, எட்னாம்மா?"

"உனக்கு முன்னாடியே வந்து சாப்பிட்டாச்சு. நீ உள்ள வா."

தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததையெல்லாம் சொன்னான். "இப்ப ஓட்டிக்கிட்டுப் போனாலும் மறுபடி ஓடி வந்துரும். ஓபலை... நான் அன்னைக்கு அப்படிப் பேசிட்டு..."

உடனே சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபம் எல்லாம் இல்லை, கண்ணுகளா. நாளைக்கு மாவு பிசையும்போது யாரிடம் பேசுவேன் என்று பயம். ஓபலைப் பார்த்தேன். மூன்றுக்கும் நடுவில் நின்று, பார்வை இருக்கிற கண்ணை மலைப்பாதையின் மேலேயே வைத்திருந்தாள். செப்டம்பர் தோறும் வால்ட்டோடு ஏறிய பாதை.

"என்கிட்ட ஏன் கேக்கறே? கிழவின்னு ஒதுக்கினது என்னையா? அவகிட்டக் கேளு."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவன் நிஜமாகவே போய்த் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றான்.

"ஓபல், நான் மடத்தனமா பேசிட்டேன். மேல இறைச்சி தொங்குது. பாவம், லோர்னா ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நீ வந்தாத்தான் இவனுங்க நிப்பானுங்க. வர்றியா?"

ஓபல் அவன் தொப்பி மேல் பலமாகத் தும்மினாள்.

"சரின்னுட்டா, போ," என்றேன்.

மணியின் வாரை இறுக்கிக் கட்டினேன். "வலது கண்ணு அவளுக்குத் தெரியாது. நீ அந்தப் பக்கமா நட. இழுக்காதே, அவளுக்கு வழி தெரியும். பனி விழுந்ததும் திரும்பக் கொண்டாந்து விட்டுரணும். அவளை மட்டும் இல்ல, நாலையும். என் நிலத்துல புல்லு சும்மாதான் கிடக்கு, கொட்டகையில வைக்கோலும் இருக்கு."

பனிக்காலத்தில் கழுதைகளுக்கு என்ன போடுவது என்று கோடை முழுக்கத் தூக்கம் கெட்டவன் அவன். ஈரத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். ஓபல் முன்னால் போக, கயிறு இல்லாமலே மூன்றும் பின்னால் வரிசையாகப் போயின. மணி காதைவிட்டு மறையும்வரை முற்றத்திலேயே நின்றேன். பிறகு உள்ளே போய், பிசைய வேண்டிய அவசியமே இல்லாத மாவைப் பிசைந்தேன்.

மேலே, நிழல் நகர நகர, லோர்னாவும் கிளெமென்ட்டும் இறைச்சிப் பைகளை நகர்த்திக் கட்டியிருந்தார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் லோர்னா காதில்தான் மணி முதலில் விழுந்ததாம். ஈ ஓட்டிக்கொண்டிருந்த தேவதாருக் கிளையைப் போட்டுவிட்டு ஓடி, ஓபலின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நடந்து செத்தது நானு!" என்றான் ஆரின்.

"கூட்டிட்டு வந்தது அவதானே," என்றாள் லோர்னா. பிறகுதான் அவனையும் கட்டிக்கொண்டாள்.

கழுதைகள் கட்டில்லாமல் மணியைச் சுற்றியே மேய்ந்தன. மறுநாள் வெயில் ஏறுமுன் பொதி ஏற்றி இறங்கிவிட்டார்கள். கசாப்புக்காரர் பையைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். கிளெமென்ட் அங்கேயே இருந்த போனில் சிநேகிதர்களைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"டேய், எல்லாரும் லீவு சொல்லி வைங்கடா! ஒரு தட்டு மாதிரி இன்னொரு தட்டு இருக்காது, ஆனா அப்படிச் சாப்பாடு! இறைச்சியா? போயிருக்கும்டா. ஒரு கிழவி மலையேறி வந்து காப்பாத்திட்டா... இல்லடா, நாலு கால் கிழவி!"

முதல் பனி விழுந்த அன்று சரிவில் மணிச்சத்தம் கேட்டது. நான் கதவைத் திறப்பதற்குள் ஓபல் தானாகவே சமையலறை ஜன்னலடியில் வந்து நின்றுவிட்டாள். கேட்டருகே ஆரின், தொப்பி கையில்.

"ஓபல்கிட்டக் கேட்டுட்டேன், எட்னாம்மா. அடுத்த வருஷமும் வர்றாளாம்."

"என்கிட்ட யாரும் கேக்கலியே?"

"உங்களுக்குச் சமையல் கூடாரத்துல லோர்னா நாற்காலியே போட்டுட்டா. வரலேன்னா நீங்களே லோர்னாகிட்டச் சொல்லிக்குங்க. என்னால ஆகாது."